வளையம் தெரிந்தது

வளையம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்லி விசில் ஊதினேன்.

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூடைப்பந்துத் திடலில், பனி இறங்கி எதிர்முனை வளையம் மறைந்தால் ஆட்டம் அத்துடன் முடியும்; அப்போது முன்னால் இருப்பவர்களுக்கே வெற்றி. எழுபதுகளின் கடைசியில் மூத்தோருக்கும் இளையோருக்கும் நடந்த ஆட்டத்துக்குத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான நான்தான் நடுவர். இரண்டு நிமிடம் மீதி. இளையோர் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். அவர்களின் நட்சத்திரம் என் தம்பி.

மூத்தோரின் நட்சத்திரம் தொழிற்சாலையில் இலை உலர்த்துபவர். நரைத்த மீசை. கை வழுக்காமலிருக்க உள்ளங்கையில் தேயிலைத் தூளைத் தேய்த்துக்கொள்வார். "பால் குடிச்சிட்டு வந்தியாடா?" என்று சீண்டியபடி என் தம்பியை அவர் தாண்டியபோதுதான், லேசாக இறங்கிய பனியைச் சாக்காக வைத்து ஊதினேன்.

"எனக்குத் தெரியுதே, கிராணி" என்று சொல்லிப் பந்தை எறிந்தார். அது வளையத்துக்குள் விழுந்தது. நான் புள்ளி கொடுக்கவில்லை.

ஆறு வருடம் தூக்கம் கெட்டு, அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குலா? ரெண்டு நிமிசம் பாக்கி இருக்கு. தம்பிய வரச் சொல்லுங்க."

மறுநாள் நல்ல வெயிலில் இருவரும் மோதினார்கள். மூச்சிரைக்க அவர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

"இப்பதான்டா தோத்தேன்" என்று சிரித்து என் தம்பியின் கையைக் குலுக்கினார். நானும் கையை நீட்டினேன். அவர் தூளைத் தட்டிவிட்டு நடந்தார். என் கை அவருக்குத் தெரியவில்லையா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.