முதலிடத்தில் வெசா

இது நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. குளிர்காலத்தில் கடலே உறைந்துபோகிற வடகோடி ராஹே ஊரில் பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பேய் ஓட்டுவது என் தொழில் இல்லை.

போன டிசம்பரில் இஸ்மோ தன் வீட்டுப் பரணில் கிடந்த கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், நெஞ்சில் ஈரமில்லாதவன். அதை விற்க வேண்டுமாம், ஃப்ளாப்பி டிரைவ் மட்டும் வேலை செய்யவில்லையாம்.

டிரைவைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஃப்ளாப்பி சிக்கியிருந்தது. அதன் தகர மூடி வளைந்து, டிரைவின் படிக்கிற ஹெட்டில் மாட்டியிருந்தது. மெல்ல உருவினேன். விரல் நனைந்தது... முப்பது வருஷம் பரணில் கிடந்த பெட்டிக்குள் ஈரம் எப்படி வரும்?

மேலே பென்சிலில் 'வெசா' என்று கிறுக்கியிருந்தது. இஸ்மோவின் தம்பி. பத்து வயதில், உறைந்த கடலில் பனி உடைந்து மூழ்கிச் செத்தவன்.

இஸ்மோ வெளுத்துப்போனான். பிறகு சிரித்தான்.

"அப்போ அன்னிக்கு நான் பனி மேல விட்டெறிஞ்சது வேற ஃப்ளாப்பி போல. அதுக்காடா அந்த லூசு ஓடிப்போய் விழுந்தான்?"

ஊரே அதை விபத்து என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். ஹெட் நகர்கிற தண்டுக்கு கிரீஸ் தடவி, டிரைவைத் திரும்ப மாட்டி, ஃப்ளாப்பியைப் போட்டேன். கரக்... கரக்... விளையாட்டு வந்தது. புள்ளிப் பட்டியலில் முதலிடம்: வெசா, 48,210.

அதைத் தாண்டி அந்தப் பெயரைக் கீழே தள்ளாமல் போவதில்லை என்று இஸ்மோ உட்கார்ந்துவிட்டான். அந்தப் பிள்ளை உலகத்தில் விட்டுப்போனது அது ஒன்றுதான், விட்டுவிடு என்று கெஞ்சினேன்.

"செத்தவனுக்கு எதுக்குடா முதலிடம்?"

பிற்பகல் மணி மூன்று. எங்கள் ஊர் டிசம்பர், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. இஸ்மோ 48,900 எடுத்தான். பெயரை அடித்தான். கரக்... கரக்...

பட்டியல் வந்தது. வெசா, 48,901.

திரும்ப ஆடினான். இஸ்மோ 50,300. வெசா 50,301.

அவன் முகமெல்லாம் வியர்வை. நான் டிரைவின் விளக்கைப் பார்த்தேன். அது அணையவே இல்லை. டிரைவின் கேபிளைத் தலைகீழாகச் செருகினால் விளக்கு அப்படித்தான் எரியும். டிரைவ் மாட்டுகிற எல்லாரும் ஒருதரமாவது செய்கிற பிசகு. பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

தலைகீழாகத்தான் செருகியிருந்தேன்.

அப்படிச் செருகினால் டிரைவ் எதையும் படிக்காது.

எதையும்...

சுவரிலிருந்து கரண்ட் பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

கரக்... கரக்...

விளக்கு எரிந்தது.

"இன்னும் ஒரே ஆட்டம்" என்றான் இஸ்மோ. என்னைத் தள்ளிவிட்டு, பெட்டியை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினான். டிரைவின் வாயிலிருந்து வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது.

ஒரு வாரம் கழித்து அவன் தங்கை மிர்வா வந்தாள். அண்ணன் கதவைத் திறப்பதில்லையாம். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ராத்திரி பகலாக விசை தட்டும் சத்தம் மட்டும் கேட்கிறதாம். விரலெல்லாம் ரத்தமாம், ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். வந்து நிறுத்துங்கள் என்று அழுதாள்.

அந்த ஃப்ளாப்பியைப் பற்றிச் சொன்னேன். இஸ்மோ சிரித்துக்கொண்டே சொன்னதையும் சொன்னேன்.

அவள் அழுகை நின்றது.

"அத நீங்க பாத்திருக்கவே முடியாதுங்க. வெசாவ வெளிய எடுத்தப்போ அது அவன் கையிலதான் இருந்துச்சு. விரலப் பிரிக்க முடியல. அப்படியே வெச்சுப் பொதச்சிட்டோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். இஸ்மோ வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். ஆடட்டும்."