பவளம் வெளுத்த கோடை

ரப்பரும் உப்பும் கடற்பாசியும் கலந்த ஒரு நெடியோடுதான் அம்மா வேலையிலிருந்து ஊருக்கு வருவார். கோபிசெட்டிபாளையத்தில், மூன்று பக்கமும் வாழைத்தோட்டம் சூழ்ந்த எங்கள் வீட்டுக் கொடியில், கடலுக்குள் இறங்கும்போது அவர் அணியும் கறுப்பு உடுப்பு காய்வதைப் பார்த்தால், அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று, "ஏனுங்க, டீச்சரம்மா வந்துட்டாங்களாட்ட இருக்குது" என்பார்கள். அம்மா டீச்சர் இல்லை; மண்டபம் என்ற கடற்கரை ஊரில் பவளப்பாறைகளை ஆராய்கிறவர். எங்கள் தெருவில் அந்த வேலைக்குப் பெயர் இல்லாததால் டீச்சர் ஆகிவிட்டார்.

மாதத்தில் இருபது நாள் அவர் அங்கே. நானும் அப்பாவும் இங்கே. அப்பா கணக்கு வாத்தியார், வாய்க்காலில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவர். அம்மாவின் வேலைக்கு அவர் விதித்த ஒரே நிபந்தனை, கரை ஏறியதும் போன் செய்ய வேண்டும் என்பது. ஐந்து மணிக்குள் வரும் அதை நாங்கள் "கரை போன்" என்போம். "ஏறிட்டேனுங்க" என்ற ஒற்றைச் சொல்தான். அதைக் கேட்ட பிறகே அப்பா காபி டம்ளரைத் தொடுவார்.

எனக்குப் பதினொரு வயதாயிருந்த அந்தக் கோடையில், ஒருநாள் ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் அம்மாவின் போன் அணைந்து கிடந்தது. செய்தி கேட்டு வந்த பெரியப்பா, "நான் அன்னைக்கே சொன்னேன் தம்பி, கரையில வேலையே இல்லாமயா போச்சுன்னு" என்றார். அப்பா வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். அம்மா முதுகில் காற்று உருளையோடுதான் இறங்குவார் என்று தெரிந்திருந்தும், நான் உள்ளறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்ட முடியவில்லை. மறுபடி பிடித்தேன், மறுபடியும் நாற்பதுதான்.

ஆறு மணிக்குமேல் போன் அடித்தது. அம்மாவின் படகை ஓட்டும் சேசு அண்ணன் பேசினார்.

"சார், மேடம் நல்லாத்தான் இருக்காக. மூணு மணிக்கே கரைக்கு வந்தாச்சு. ஆனா ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டேங்கிறாக, மணல்லயே உக்காந்திருக்காக. நீங்க வந்தா நல்லது."

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பி, பஸ் மாறிப் பஸ் மாறி மாலையில் போய்ச் சேர்ந்தோம். அம்மா எங்களைப் பார்த்ததும், "போன் செய்யறதையே மறந்துபோட்டேனுங்க" என்றார். கண்கள் வீங்கியிருந்தன. அப்பா அம்மாவின் செருப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டி, அதை ஓரமாக வைத்தார்.

அடுத்த நாள் காலை என்னையும் படகில் கூட்டிப் போனார் அம்மா. ஆழமில்லாத இடத்தில், முகத்தில் கண்ணாடியை மாட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். கீழே ஒரு காடே வெள்ளையாக நின்றது. மான்கொம்புகளைப் போலக் கிளைத்த பவளங்கள், நடுவே வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஓர் உருண்டைப் பவளம், எல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் மின்னின. தலையைத் தூக்கி, "ஐயோ, எத்தனை அழகா இருக்குதும்மா!" என்று கத்தினேன்.

சேசு அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் தலைமுடியிலிருந்து வடிந்த நீரை நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது பட்டினி கிடக்குது கண்ணு. அதுக்குள்ள குடியிருந்து சோறு போடற பாசியெல்லாம் தண்ணிச் சூடு தாங்காம வெளியே போயிருச்சு. நெறமும் அதோட போச்சு."

"செத்துப்போச்சுங்களா?"

"இன்னும் இல்லை. சீக்கிரம் சூடு தணிஞ்சா பொழைச்சுக்கும்."

ஊர் திரும்பிய பிறகு என் பயம் இடம் மாறியது. "கரை போன்" வந்ததும் அப்பாவிடமிருந்து பிடுங்கி, "இன்னைக்குத் தண்ணி எப்படிங்கம்மா?" என்று கேட்பேன். "சூடுதான் கண்ணு" என்ற பதில் வந்துகொண்டே இருந்தது. வாழைத் தோகை வெயிலில் துவள்வதைப் பார்த்தால் கடலில் இன்னும் சூடு ஏறியிருக்குமோ என்று தோன்றும். அழகாக இருக்கிறது என்று நான் சொன்னதால்தான் கடல் குளிரவில்லையோ என்றுகூடச் சில பகல்களில் நினைத்தேன். பள்ளி திறந்து, காற்றடித்து, கடல் குளிர்ந்தபோது மான்கொம்புகளில் பெரும்பகுதி செத்திருந்தது. உருண்டைப் பவளத்தில் பாதிக்குப் பழைய பழுப்பு நிறம் திரும்பியது.

இப்போது எனக்குக் கோயமுத்தூரில் வேலை. அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். காதில் வந்த கோளாறால் மருத்துவர் கடலுக்குள் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். போன மாதம் இருவரும் அதே இடத்துக்குப் போனோம். அம்மா படகில் நோட்டோடு உட்கார்ந்திருக்க, நான் இறங்கினேன். உருண்டைப் பவளத்தின் ஒரு விளிம்பில் மட்டும் உள்ளங்கையளவு பழுப்பு உயிரோடு இருந்தது. மான்கொம்புக் காடு நின்ற இடத்தில் பாசி மூடிய சில்லுகள் அலைக்கு உருண்டுகொண்டிருந்தன.

மேலே வந்ததும், "என்ன இருக்குது கண்ணு?" என்றார் அம்மா.

"தண்ணி கலங்கலா இருக்குதும்மா, சரியாத் தெரியலை."

படகிலிருந்தே கடலடி தெரிந்தது. அம்மா ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. அதையும் எழுதோணுமில்ல."

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா எழுதினார்.