கன்றுக்கு விட்ட காம்பு

ஓசூரில் எங்கள் கம்பெனி கேன்டீனில் ‘தினமும் பால் குடிப்போம்’ என்று போஸ்டர் ஒட்டி, ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுத்தார்கள். ஆவி முகத்தில் பட்டதும் அஞ்செட்டி வீடு ஞாபகம் வந்தது.

எங்கள் மாட்டுப் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விடும். திரும்பி வந்த கேனைக் கழுவிய வெளுத்த தண்ணீரைத்தான் அம்மா எனக்குக் காய்ச்சித் தருவாள். அதுதான் பால் என்று நம்பியிருந்தேன். பள்ளிக்கு வந்த நர்ஸ், “தினமும் பால் குடிக்கிறவங்க யாரு?” என்றபோது முதலில் கை தூக்கியவள் நான்.

அதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் அம்மா, கன்றுக்கென்று விட்டுவைக்கும் காம்பையும் கறந்து, காய்ச்சி நீட்டினாள்.

“குடிச்சிரு கண்ணு.”

குடித்தபோதுதான் தெரிந்தது, அதுவரை குடித்தது பாலில்லை என்று. அம்மா என்னைப் பார்க்கவில்லை. கத்துகிற கன்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கேன்டீன் டம்ளரில் ஏடு கட்டிவிட்டது. நான் இன்னும் வாய் வைக்கவில்லை.