கட்டிலுக்குக் கிடைத்த நீதி

கனடாவின் ரொறன்ரோ நகரில் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதி. நண்பர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் பெட்டியோடு நுழைகிறேன். கீழ்த்தளத்தில் ஒரே கூட்டம். ஒரு லிஃப்ட் மூன்று வாரமாகப் பழுது. மற்றதைப் புதிதாகக் குடிவருகிறவர்களின் கட்டில், மேசை போன்ற சாமான்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவரிடம் போய்வந்த ராசம்மா என்ற மூதாட்டி சக்கர நாற்காலியில் இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறார். அவருடைய வீடு பதினெட்டாம் மாடியில்.

“எல்லாருக்கும் ஒரே விதிதான். நான் என்ன செய்யிறது?” என்கிறார் கட்டட மனேஜர். அவரும் தமிழர்தான்.

துப்புரவு வேலைச் சீருடையில் நிற்கும் நிர்மலா என்ற பெண் குரலை உயர்த்தாமல் கேட்கிறார்: “அண்ணை, கட்டில் தானாப் படியேறுமோ?”

“இல்லை.”

“ராசம்மா அன்ரி ஏறுவாவோ?”

மனேஜர் தயங்குகிறார். “ஏலாதுதான்.”

“அப்ப கட்டிலுக்குக் கிடைக்கிற நீதி அன்ரிக்கு ஏன் இல்லை?”

மனேஜர் சாவியை எடுத்து லிஃப்டைத் திறக்கிறார். அவரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்.

“இப்படிக் கேட்க எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று நிர்மலாவிடம் கேட்கிறேன்.

“லைப்ரரியில பின்னேர வகுப்பு. பழைய கிரேக்கத் தத்துவம் படிக்கிறன். நீதி எண்டா என்ன, நல்லா வாழுறது எண்டா என்ன எண்டு ஒரு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம். இன்னும் முடிவு காணேல்லை.”

பேசும்போதே அவர் கண் லிஃப்ட் கதவுக்கு மேலே ஓடும் எண்களில் இருக்கிறது. எல்லோரும் அதையே பார்க்கிறோம். பதினாறு. பதினேழு. பதினெட்டில் நின்றதும் கூடம் முழுக்கக் கைதட்டல். யாரையும் அறியாத நானும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தட்டுகிறேன்.