மை ஊறுகிறது என்றார்கள்

பச்சை குத்திய இடம் முதலில் காந்தியது. பிறகு தினவெடுத்தது. அப்புறம் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வீங்கிக்கொண்டது.

"மை ஊறுது அண்ணி, அப்பிடித்தான் காந்தும். மஞ்சள அப்புங்க" என்றாள் என் நாத்தனார். நம்புவதற்கு வசதியாக இருந்ததால் நானும் நம்பினேன்.

எதற்குக் குத்திக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. கம்பைநல்லூர் ரேஷன் கடையில் அவர் பேரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்து விழிப்பேன். அவள் சொல்கிறவரை வரிசையே வேடிக்கை பார்க்கும். தீர்த்தமலைத் தேருக்குப் போனபோது பச்சை குத்துகிறவளைப் பார்த்ததும் யோசனை வந்தது. பேர் கையில் இருந்தால் நீட்டிவிடலாமே. எல்லோருக்கும் ஒரே ஊசி, துடைப்பதற்கு ஒரே துணி. பார்த்துக்கொண்டேதான் இடக்கையை நீட்டினேன்.

அவர் அப்போது பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். வந்ததும் காட்டி அசத்த வேண்டும் என்று ஈர மஞ்சளை அப்பி, கையை முந்தானைக்குள் ஒளித்துவைத்தேன். காய்ச்சல் வந்தது. அக்குளில் நெறி கட்டியது (உடம்பு கிருமியோடு போராடும்போது வரும் வீக்கம்). பால்குடி மறக்காத மகள் தவழ்ந்து வந்தால், கைமேல் பட்டுவிடுவாளோ என்று தள்ளிவிட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

அவர் வந்து கையைப் பார்த்தார். மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"செல்லுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவும் நோய்). சீழ் கட்டியிருக்கு, கீறி எடுக்கணும். இன்னும் பரவுச்சுன்னா கைக்கே ஆபத்தும்மா" என்றார் டாக்டர்.

"புள்ளயத் தூக்கற கைங்க" என்றேன்.

"அத மொதல்லயே நெனச்சிருக்கணும்." டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

கீறுவதற்கு முன் நர்ஸ் வந்தாள். "வூட்டுக்காரர் பேர் என்னாம்மா?"

அவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். இதற்காகத்தானே குத்தினேன் என்று கையை நீட்டினேன். வீங்கிப் பளபளத்த தோலில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"இதுல எங்கம்மா இருக்குது பேரு? வாயத் தொறந்து சொல்லு, டாக்டர் நிக்கறாரு."

"மாதேசன்" என்றேன்.

வாசலில் மருந்துப் பொட்டலத்தோடு அவர் நின்றிருந்தார். கல்யாணமாகி அன்றுதான் என் வாயால் தன் பேரைக் கேட்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பென்சிலின் ஊசி (கிருமியைக் கொல்லும் மருந்து) போட்டார்கள். தினமும் கட்டைப் பிரித்துக் கழுவும்போது உயிர் போய்வரும். கை தப்பியது.

"எம் பேராலதான புள்ள உனுக்கு இவ்ளோ பாடு" என்றார் ஒருநாள், கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி. குத்திக்கொள்ளச் சொன்னவரே இல்லை அவர். தப்பு என்னுடையது, சுமந்தது அவர்.

"அப்பிடிச் சொல்லாதீங்க" என்றேன்.

பச்சை குத்திய கையோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது மை ஊறுவதல்ல. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பியபோது மகள் புட்டிப்பாலுக்குப் பழகியிருந்தாள். மடியில் போட்டால் திமிறினாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. யாரிடம் போய் முறையிடுவது? முதலில் தள்ளிவிட்டவள் நான்தானே.

பேரின் நடுவில் இரண்டு எழுத்தைத் தழும்பு தின்றுவிட்டது. முன்னால் 'மா', கடைசியில் 'ன்'. "என்னா மானு, சோறு ஆச்சா?" என்று அவர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். ரேஷன் கடையில் இப்போது அவர் பேரை வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

மகள் அந்தக் கையில்தான் தலைவைத்துத் தூங்குகிறாள். தழும்பின்மேல் அவள் கன்னம் கிடக்கிறது. அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி இல்லை. அவள் இருக்கிறாளா என்று இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.