சொட்டுத்தண்ணி சிஸ்டர்

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் பக்கவாத வார்டில் நர்ஸ் இசைவாணியை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. சொட்டுத்தண்ணி சிஸ்டர் என்றால்தான் தெரியும். பக்கவாதம் வந்தவருக்குச் சில நேரம் தொண்டையும் சொன்னபடி கேட்காது; விழுங்குவது நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் யார் வந்தாலும் நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. இருமாமல் விழுங்கி, குரலும் தெளிவாக இருந்தால்தான் சாப்பாடு. சொந்தக்காரர்கள் அதுவரை பொறுப்பார்களா? ஒருத்தர் தலையணைக்கடியில் காராச்சேவு ஒளித்து வைப்பார், இன்னொருத்தர் டீயைக் கஷாயம் என்று சாதிப்பார். இசைவாணியும் அந்த வட்டாரத்துத் தாயில்பட்டிக்காரி. அவளிடம் அதெல்லாம் எடுபடாது.

அவளுக்கே தண்ணி காட்டியவர் சங்கிலிமுத்து. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துக் காது மந்தமான மனிதர். ஒரு பக்கம் கை கால் வராமல், பேச்சும் நின்று படுத்திருந்தார். முதல் நாள் தண்ணீர் கொடுத்தபோது இருமினார். மறுநாளும் இருமினால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு மகள் முருகம்மாள் அழுதுவிட்டாள். பாவம், வேலையிடத்திலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்தவள், கட்டின சேலையோடு அப்பா பக்கத்திலேயே கிடந்தாள்.

மறுநாள் காலை, பெரியவர் வாயசைவைப் பார்க்கட்டும் என்று இசைவாணி மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒரு ஸ்பூன் கொடுத்தாள். குரல்வளை அழகாக ஏறி இறங்கியது. நல்லாத்தானே முழுங்குகிறார் என்று நினைப்பதற்குள் முருகம்மாள் நேற்றைப் போலவே பாசத்தோடு குனிந்து, முந்தானையால் அப்பா வாயைத் துடைத்தாள். பெரியவர் இருமினார். இசைவாணி தும்மினாள். அடுத்த கட்டில்காரரும் தும்மினார்.

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, நீங்க எங்கன வேல பாக்கீக?"

"வத்தக் கிட்டங்கியில, சிஸ்டர். அந்தக் குடோன்ல ஒக்காந்து மொளகாக் காம்பு கிள்ளுறேன்."

"வந்ததுல இருந்து சேலைய மாத்தலையா?"

"அய்யாவ விட்டுட்டு எங்கிட்டுப் போக?"

"கிட்டங்கி வத்தல் அம்புட்டையும் அவுக மூக்குல தேச்சிருக்கீக. செத்த வெளிய நில்லுங்க."

முருகம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. தன்னாலா அப்பா பட்டினி கிடந்தார் என்ற நினைப்பில், வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றாள்.

இசைவாணி பெரியவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, இருமல் நன்றாக அடங்கும் வரை காத்திருந்து மறுபடி தொடங்கினாள். ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள், பிறகு டம்ளரில் கொடுத்தாள். இருமலே இல்லை. குரல் ஒன்றுதான் பாக்கி.

"அய்யா, ஏதாச்சும் ஒரு பேரு சொல்லுங்க."

படுத்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர் பக்கத்தில் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வாய் கோணிக்கொண்டு பாடுபட்டது.

"முருகம்மா."

கரகரப்பில்லாத, தெளிவான குரல். வராந்தா வரைக்கும் கேட்டது. ஓடி வந்த முருகம்மாள் வாசலோடு நின்றுவிட்டாள். முந்தானையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாள். இசைவாணி குரலை அதட்டலாக்கிக்கொண்டாள்.

"குளிச்சு வேற சேல கட்டிட்டு, கஞ்சி காச்சிக் கொண்டாங்கக்கா. கெட்டியா இருக்கட்டும். நீங்கதான் ஊட்டணும்."

முருகம்மாள் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தூக்கி, பாதியில் நினைவு வந்து புறங்கையால் துடைத்தாள். அவள் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே, பெரியவர் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.