பரீட்சைக்கு முன்னால் ஒரு ஜெபம்

எனக்கு ஜெபம் நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் அப்பா உபதேசியார்; கஞ்சி ஆறிப்போகும்வரை வீட்டில் ஜெபம் நடக்கும். அந்தப் பழக்கம். தொள்ளாயிரத்துப் பத்துவாக்கில் பாளையங்கோட்டையில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் இந்த வரத்துக்கு ஒரு நல்ல உபயோகம் கண்டுபிடித்தோம்.

வேதப் பரீட்சை அன்று அங்கே ஒரு முறை உண்டு. முதலில் கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் ஒருதரம் வாசித்து, வேண்டிய மட்டும் பயந்து முடித்ததும், ஒருவன் எழுந்து ஜெபம் பண்ணவேண்டும். அதற்குப் பிறகுதான் பேனாவைத் தொடலாம். இந்த முறையை ஏற்படுத்தியவர் தலைமையாசிரியர். குருப்பட்டம் பெற்றவர், அதனால் எங்களுக்கு ஐயரவர்கள். கண்ணை மூடினால் நிஜமாகவே மூடுகிற மனுஷர். எல்லாரும் அப்படித்தான் மூடுவார்கள் என்று நம்பிவிட்டார்.

ஜெபம் பண்ண என்னைத்தான் கூப்பிடுவார். நானும் எழுந்து, கேள்வித்தாளை மனசில் வைத்துக்கொண்டு ஆண்டவரை ஸ்தோத்திரிக்கத் தொடங்குவேன். முதல் கேள்வி வனாந்தரத்தைப் பற்றியதென்றால், நாற்பது வருஷம் மன்னாவினால் போஷித்தவரே என்பேன். அடுத்தது எரிகோ என்றால், ஏழு நாள் சுற்றிவரச் செய்து மதிலை விழப்பண்ணினவரே என்பேன். இப்படி ஆறு கேள்விக்கும் ஆறு ஸ்தோத்திரம். சரியாகக் காதில் விழாதவன் ‘ஆமென்’ என்று நீட்டி இழுப்பான். அந்த இடத்தை நான் இன்னொரு தரம் துதிப்பேன். திசையன்விளையிலிருந்து வந்த விடுதிப் பையன் ஒருவன் ஒரே ஜெபத்தில் நாலு தடவை ஆமென் சொல்வான். அவனுடைய பக்தியை மெச்சி ஐயரவர்கள் அவன் அப்பாவுக்குக் காகிதமே எழுதினார்.

எங்களுக்கு இது களவு என்று தோன்றவேயில்லை. அடுத்தவன் தாளைப் பார்த்தால் பாவம். கைக்குள் காகிதத்தை மறைத்தால் பாவம். ஜெபத்தைக் கவனித்துக் கேட்பது எப்படிப் பாவமாகும்? இவ்வளவு நியாயம் பேசத் தெரிந்த பயல்கள் பாடத்தைப் படித்தே எழுதியிருக்கலாம்.

வகுப்பில் ஒரே ஒருவன் சைவ வீட்டுப் பையன். நெற்றி நிறைய விபூதியோடு வருவான். நாங்கள் ஜெபிக்கும்போது மரியாதைக்கு எழுந்து நிற்பான், கண்ணை மூடமாட்டான். வேதப்பாடம் அவனுக்கும் கட்டாயம். உபதேசியார் மகன் ஒருவன் தனக்காகவும் ஜெபிக்கிறான் என்ற எண்ணமே இல்லாமல், பாவம், புத்தகத்தைப் படித்தான்.

கடைசி வருஷத்தில் ஒரு கேள்வி வந்தது. சாகக் கிடந்த யூதா ராஜாவுக்கு ஆண்டவர் எத்தனை வருஷம் ஆயுசு கூட்டிக்கொடுத்தார்? பதினைந்து. அதற்கு அடையாளமாகச் சூரிய கடியாரத்தில் நிழல் பின்னிட்டுப் போனது பத்துப் பாகை. அவசரத்தில் நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு, பத்து வருஷம் கூட்டிக்கொடுத்தவரே என்று உரக்க ஸ்தோத்திரித்துவிட்டேன். ராஜாவின் ஆயுசில் ஐந்து வருஷம் என்னால் போயிற்று. என்னையும் சேர்த்து இருபத்திரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகள் பத்து என்று எழுதினோம். விபூதிக்காரன் மட்டும் பதினைந்து என்று எழுதினான்.

இருபத்திரண்டு பேர் ஒரே தப்பைச் செய்தது ஐயரவர்களுக்கு உறுத்தவில்லை. பாடம் நடத்தும்போது தமக்குத்தான் வாய் தவறியிருக்கும், என் ஜெபத்திலும் அதுதான் வந்தது என்று நொந்துகொண்டார். அவருக்கு உறுத்தியது அந்தப் பதினைந்துதான். தொட்டிலிலிருந்தே வேதம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாதது இவனுக்கு எப்படித் தெரிந்தது? மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருக்க வேண்டும். வகுப்பின் முன்னால் அவனை நிறுத்தினார்.

“உள்ளதச் சொல்லுலே. புத்தகத்தப் பாத்துத்தானே எழுதுன?”

“இல்ல ஐயா. படிச்சேன்.”

“இத்தன பேருக்குத் தெரியாதது ஒனக்கு மட்டும் எப்படிலே தெரியும்?”

அவன் என்னை ஒருதரம் பார்த்தான். என் ஜெபத்தில் வந்த பத்து எதற்கென்று அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அவன் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடத்தில் என் பெயரை வெட்டுவார்கள்; திறக்காவிட்டால் அவன் பெயரை.

“படிச்சேன் ஐயா” என்று மறுபடியும் சொன்னான்.

ஐயரவர்கள் கொடியவர் அல்ல. அவன் பெயரை வெட்டும்போது கண் கலங்கினார். இவன் மனந்திரும்ப ஜெபிப்போம் என்றார். யாரைக் கூப்பிட்டார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்ததைச் சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. நான் சொன்னது வேறு. களவை மறைக்கிற இந்த நெஞ்சை உடைத்தருளும் ஆண்டவரே என்று உருகினேன். திசையன்விளைக்காரன் பழக்கதோஷத்தில் ஆமென் என்று இழுத்தான். நானும் பழக்கதோஷத்தில் அதே வரியை இன்னொரு தரம் சொன்னேன்.

வெளிவாசலில் ஓடிப்போய் அவனைப் பிடித்தேன். “நீ ஏம்லே சொல்லல?”

அவன் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “நீ ஒன் சாமியக் கும்பிட்டதப் போயி நான் எப்படிலே கோள் சொல்லுவேன்?” என்றான். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அது தகாது என்று நினைத்தான். அவன் என்னை ரெண்டு அறை அறைந்திருந்தால் இத்தனை வருஷம் எனக்கு இப்படி வெட்கமாக இருந்திருக்காது.

அவன் போனபின் வகுப்புக்குத் திரும்பினேன். வழியில் ஐயரவர்களின் அறை. கதவு திறந்திருந்தது, அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்காமல் பைய நடந்து தாண்டிப் போனேன்.